பின்பக்கச் சத்தம்: ஜாக்கி போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

பின்னால் உறுமுகிற காரைப் பட்டறையில் விட்டால் முதலில் மாறுவது பெரும்பாலும் வீல் பேரிங்தான். சத்தம் குறையாவிட்டால் மறுபக்கத்து பேரிங், அதற்கும் அடங்காவிட்டால் ஷாக் அப்சார்பர். சில மாதம் கழித்து டயர் மாற்றும்போது சத்தம் தானாக நின்றுவிடும். பேரிங் மீது குற்றமில்லை, யாரும் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் குற்றம்.

பின் ஆக்சில், சஸ்பென்ஷன் சத்தம் எதுவானாலும் ஏதோ ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வரும். வேகம் ஏற ஏற வரலாம், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் வரலாம், பள்ளத்தில் வரலாம், வளைவில் வரலாம். எதன் வால் என்பது தெரிந்தால் கழற்ற வேண்டிய இடம் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும்.

அடியில் இருப்பது எந்த வகை?

குனிந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஸ்விஃப்ட், ஐ20, போலோ, டியாகோ போன்ற முன்சக்கர இழுவை வண்டிகளில் இருப்பது டார்ஷன் பீம். இரண்டு பின்சக்கரங்களையும் ஒரு குறுக்குச் சட்டம் இணைக்கும். அதன் முன்முனைகள் இரண்டு பெரிய ரப்பர் புஷ் வழியாக பாடியில் தொங்கும். காயில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், வீல் பேரிங், பிரேக், அவ்வளவுதான். இன்ஜின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்ற கியர் தொகுதி பின்னால் கிடையாது, அதனால் 'பின்னால் கியர் சத்தம்' என்று இந்த வண்டிகளுக்கு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னோவா (ஹைகிராஸ் தவிர), ஸ்கார்பியோ, பொலேரோ, சுமோ, ஓம்னி, அந்தக்கால அம்பாசடர் எல்லாம் பின்சக்கர இழுவை. நடுவில் உருண்டையாகப் புடைத்த ஹவுசிங், அதற்குள் டிஃபரன்ஷியலும் அதைச் சுற்றவைக்கும் கிரவுன், பினியன் என்ற கியர் ஜோடியும், முன்னால் கியர்பாக்ஸ் வரை நீளும் புரொப்பல்லர் ஷாஃப்ட். இதிலும் இரண்டு சாதி உண்டு. இன்னோவாவிலும் ஸ்கார்பியோவிலும் காயில் ஸ்பிரிங், ஆக்சிலைப் பிடித்து நிறுத்த லிங்க் ராடுகள். பொலேரோ, ஓம்னி, அம்பாசடரில் எஃகுப் பட்டைகளை அடுக்கிய பட்டை ஸ்பிரிங். சந்தேகப்பட வேண்டிய பாகங்களின் பட்டியல் இந்த வித்தியாசத்தால் முழுக்க மாறிவிடும்.

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள்

கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் 'சஸ்பென்ஷன் சத்தம்' என்று வருகிறவற்றில் ஒரு பங்கு இங்கேயே தீர்ந்துவிடும். ஸ்டெப்னியை இறுக்கும் திருகு, ஜாக்கி, வீல் ஸ்பேனர், பின்சீட்டின் கொக்கி, பார்சல் டிரே. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பின்சீட்டை அழுத்திப் பூட்டிவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு சைலன்சர் குழாயைக் கையால் ஆட்டிப் பாருங்கள், இன்ஜின் ஆறியபின். அதைத் தாங்கும் ரப்பர் வளையம் அறுந்திருந்தால் ஸ்பீடு பிரேக்கரில் குழாய் பீமில் முட்டி, கேட்பவருக்கு ஷாக் அப்சார்பர் போலவே 'டொக்' என்று விழும். வீல் நட் எல்லாம் சரியான இறுக்கத்தில் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பஞ்சர் போட்ட மறுநாள் தொடங்கிய சத்தமென்றால் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

டயர்களில் காற்றை அளவுக்குக் கொண்டுவந்தபிறகு ஓட்டம்.

இருபது நிமிட ஓட்டம்

கண்ணாடிகளை ஏற்றி, ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்து, பின்சீட்டில் ஒருவரை உட்கார வையுங்கள். ஓட்டுகிறவர் காதுக்கு இடது வலது தெரியாது, முன் பின் கூடக் குழம்பும்.

காலியான நேர்சாலையில் 40, 60, 80 என்று படிப்படியாக ஏறுங்கள். உறுமல் வேகத்தோடு சீராக ஏறுகிறதா? 80-இல் இருக்கும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, இன்ஜினை அணைக்காமல், உருள விடுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று: டயர், வீல் பேரிங், பிரேக் டிரம், புரொப்பல்லர் ஷாஃப்ட். சத்தம் மறைந்துவிட்டால் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ், பின்சக்கர இழுவையில் டிஃபரன்ஷியல் பக்கம் பாருங்கள்.

அடுத்து கியரிலேயே வைத்து, ஒரே வேகத்தில் ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்துவதும் விடுவதுமாக ஓட்டுங்கள். இழுவையில் மட்டும் அழுது, விட்டதும் அடங்கினால், அல்லது விட்டபோது மட்டும் அழுதால், பின்சக்கர இழுவை வண்டியில் அது டிஃபரன்ஷியல். டயருக்கும் வீல் பேரிங்குக்கும் உங்கள் கால் எங்கே இருக்கிறது என்பது தெரியாது.

மூன்றாவது, 50-60 கி.மீ. வேகத்தில், அகலமான காலிச் சாலையில், ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். இடது பக்கம் திருப்பும்போது எடை வலது சக்கரங்களுக்குப் போகும். அப்போது உறுமல் கூடி, வலது பக்கம் திருப்பியதும் குறைந்தால், பெரும்பாலும் வலது பேரிங். எதிர்மாறானால் இடது. இரட்டை வரிசை பேரிங்கில் எப்போதாவது இது ஏமாற்றும், அதனால் தூக்கிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

நான்காவது, ஸ்பீடு பிரேக்கர். நடந்து போகிற வேகத்தில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்குங்கள், பிறகு மறுபக்கம். சின்னச் சின்ன ஜல்லி மேட்டில் 'டொக் டொக்' என்றால் ஷாக் அப்சார்பர் மேல்புஷ் அல்லது லிங்க் புஷ். பெரிய மேட்டில் ஒரே ஒரு கனத்த 'டம்' என்றால் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, கடைசி அடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப்பரில் இடிக்கிறது.

கடைசியாக நின்ற இடத்திலிருந்து முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம், ஒவ்வொரு முறையும் பிரேக் பிடித்து. திசை மாறும்போது வரும் ஒற்றை 'டக்' என்றால் பின்சக்கர இழுவையில் புரொப்பல்லர் ஷாஃப்ட் முனையில் மடங்கும் இணைப்பான யுஜே கிராஸ், டார்ஷன் பீமில் முன்புஷ். டிரம்முக்குள் தளர்ந்த பிரேக் ஷூவும் இப்படிச் செய்யும்.

அதிர்வை எண்ணிப் பார்க்கலாம்

சத்தமில்லாமல் நடுக்கம் மட்டும் வந்தால் ஒரு சின்னக் கணக்கு உதவும். 205/65 ஆர்15 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் சுமார் 648 மி.மீ., சுற்றளவு ஏறக்குறைய 2.03 மீட்டர். 80 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 22.2 மீட்டர், ஆக சக்கரம் நொடிக்குச் சுமார் 11 முறை சுற்றுகிறது. கிரவுன்-பினியன் விகிதம் 4-க்குப் பக்கத்தில் இருந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 44 முறை.

பதினொன்றை உடம்பு தனித்தனி உலுக்கலாக உணரும், சீட் ஆடும், ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரட்டையாகத் தெரியும். நாற்பத்து நான்கை உலுக்கலாக உணர முடியாது. தரையில் 'ர்ர்ர்' என்று ஓடும், காதில் அடைப்பு மாதிரி இருக்கும். முதலாவது என்றால் வீல் பேலன்ஸ், வளைந்த ரிம், உள்ளே அடுக்கு பிரிந்த டயர். இரண்டாவது என்றால் ஷாஃப்ட், அதன் கிராஸ், சென்டர் பேரிங். செல்போனில் அதிர்வை ஹெர்ட்ஸ் கணக்கில் காட்டும் செயலிகள் இருக்கின்றன, பின்சீட்டுக்கு முன்னால் தரையில் வைத்துப் பார்த்தால் எண்ணே சொல்லிவிடும்.

டயரை முதலில் விடுவியுங்கள், அல்லது பிடியுங்கள்

முன்சக்கர இழுவை வண்டியில் பின்டயர்கள் எடை குறைவாக, இழுவை இல்லாமல், சும்மா உருண்டுகொண்டிருக்கும். மாற்றிப் போடாமல் 20,000 கி.மீ. விட்டால் ரப்பர் கட்டிகள் ஒரு விளிம்பில் மட்டும் தேய்ந்து ரம்பப் பல்லாகிவிடும். உள்ளங்கையைத் தடத்தின் மேல் முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் கையைப் பிடித்தால் அதுதான். இந்த ரம்பம் எழுப்பும் ஊளை வீல் பேரிங் ஊளையைப் போலவே இருக்கும்.

பிரித்தறிய இரண்டு வழி. ஒன்று, சாலை. புதிதாகப் போட்ட வழவழ தார்ச்சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு ஏறும் கணத்தில் டயர் ஊளையின் சுருதி மாறும். பேரிங் ஊளை மாறாது. இரண்டாவது, முன்டயரும் பின்டயரும் இடம் மாற்றுவது. சத்தம் முன்னால் வந்துவிட்டால் வேறு பரிசோதனையே வேண்டாம். 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றிப் போட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

தடத்தில் கை வைத்தால் கிண்ணம் கிண்ணமாகக் குழி தட்டுப்பட்டால் கதை வேறு. டயர் தரையில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது. ஷாக் அப்சார்பர் செத்திருக்கலாம், பேலன்ஸ் போயிருக்கலாம். புது டயர் வாங்குவதற்கு முன் அதைச் சரிசெய்யாவிட்டால் புதிதும் குழி விழும். பக்கவாட்டில் கொப்புளம் இருந்தால் அந்த டயரை அன்றே கழற்றிவிடுங்கள். டயரின் வயதையும் பாருங்கள்: பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

தூக்கிப் பார்க்கும்போது

பின்பக்கத்தைத் தூக்குகிறோம், கை பிரேக் பின்சக்கரத்தில். சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க கை பிரேக்கை விடவும் வேண்டும். ஆகவே முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தாக வேண்டும். முன்சக்கர இழுவை வண்டி கியரில் நின்றால் கூடுதல் பிடிப்பு உண்டு. பின்சக்கர இழுவையில் அந்த நம்பிக்கை வேண்டாம். ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் இருந்தால் டிஃபரன்ஷியல் வழியாக அது சும்மா சுற்றும், தரையில் இருக்கும் மறுசக்கரமும் தாராளமாக உருளும், கியர் எதையும் நிறுத்தாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு வைத்தபிறகுதான்.

சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். 'கடக்' என்று ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் பேரிங். மறையாவிட்டால் ஆட்டம் பேரிங்குக்கு அப்பால், புஷ்ஷிலோ போல்ட்டிலோ இருக்கிறது. பிரேக், ஹப்பையும் அதன் பின்னால் சுற்றாமல் நிற்கும் தட்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவதால் இந்தச் சோதனை வேலை செய்கிறது. ஹப் பேரிங் யூனிட் உள்ள வண்டியில் கைக்குத் தெரிகிற ஆட்டம் எதுவுமே இருக்கக் கூடாது. பின்சக்கர இழுவையில் ஆக்சில் ஷாஃப்ட்டுக்கு உள்-வெளி நகர்வு எவ்வளவு அனுமதி என்பது வண்டிக்கு வண்டி வேறு, மேனுவலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆட்டம் இல்லாமலே பேரிங் உறுமும், அதுதான் அதிகம். அதற்கு ஒரு வழி: ஒரு கையை காயில் ஸ்பிரிங்கின் மேல் லேசாக வைத்து, மறுகையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங் சும்மா இருக்கும். போன பேரிங்கின் கரகரப்பு, மண்ணை விரலுக்கிடையே தேய்ப்பது போல, ஸ்பிரிங் கம்பி வழியாகக் கைக்கு ஏறும். இரண்டு பக்கமும் செய்து ஒப்பிடுங்கள். பிரேக் ஷூ உரசும் சத்தத்தை இதோடு குழப்ப வேண்டாம். ஷூ ஒரு சுற்றில் ஒரு இடத்தில் மட்டும் 'ஷ்ஷ்' என்று உரசும், பேரிங் சுற்று முழுக்கக் கரகரக்கும்.

பத்து கி.மீ. ஓட்டி நிறுத்தியதும் இரண்டு பின் டிரம்மின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் எரிகிறது.

'டொக் டொக்' எங்கிருந்து?

டார்ஷன் பீம் வண்டிகளில் இந்தப் புகாருக்கு முதல் குற்றவாளி ஷாக் அப்சார்பரின் மேல்புஷ். டிக்கியின் பக்க அட்டையைக் கழற்றினால் மேல் நட் தெரியும், சில வண்டிகளில் வீல் ஆர்ச்சுக்குள். நட்டைச் சுற்றியிருக்கும் வாஷரைப் பாருங்கள். அதன் கீழே பெயின்ட் போய் பளபளவென்று ஒரு பிறை வடிவம் இருந்தால் அங்கே உலோகம் உலோகத்தோடு அடித்துக்கொள்கிறது. விரலை நட்டில் வைத்து, வண்டியின் மூலையை வேறொருவர் அமுக்கி விடும்போது 'டிக்' என்று விரலில் தட்டும்.

ஷாக் அப்சார்பரின் உடம்பில் தூசியோடு ஒட்டிய லேசான ஈரம் சாதாரணம், அதைக் காட்டி மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எண்ணெய் கீழ்க்கண் வரை வழிந்திருந்தால் அது கசிவு. மூலையை அமுக்கி விட்டால் ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும், இரண்டு மூன்று முறை ஆடினால் போயிற்று. ஆனால் இந்தச் சோதனையில் தேறிவிட்டதாலேயே நல்லது என்று சொல்ல முடியாது. பாதி செத்த ஷாக் அப்சார்பரும் கை அமுக்கலுக்குத் தேறிவிடும். அதைவிட நம்பத்தக்கது வெப்பம். மேடு பள்ளச் சாலையில் ஐந்து கி.மீ. ஓட்டி, உடனே இறங்கி இரண்டு ஷாக் அப்சார்பரையும் தொட்டுப் பாருங்கள், சைலன்சர் பக்கம் கை போகாமல். வேலை செய்வது வெதுவெதுப்பாக இருக்கும், வேலை செய்யாதது குளிர்ந்தே இருக்கும்.

பம்ப் ஸ்டாப்பர் பஞ்சு போன்ற பொருள். நம்மூர் வெயிலில் சில வருடங்களில் கையில் பிடித்தால் மாவாக உதிரும். அது இல்லாத வண்டியில் ஐந்து பேர் ஏறினால் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் ஷாக் அப்சார்பரின் தலையில் அடிக்கும். புது ஷாக் அப்சார்பர் போடும்போது இதையும் சேர்த்து வாங்குங்கள். விலை அதிகமில்லை, பட்டறையில் சொன்னால்தான் போடுவார்கள்.

காயில் ஸ்பிரிங் ஒடிந்திருப்பது வெளியே தெரியாது. ஒடிவது பெரும்பாலும் கடைசிச் சுற்றில், மண் தேங்கித் துருப்பிடிக்கும் கீழ்க்கிண்ணத்துக்குள். சமதளத்தில் நிறுத்தி, ஹப் நடுவிலிருந்து வீல் ஆர்ச் விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். ஒரு பக்கம் 15, 20 மி.மீ. தாழ்ந்திருந்தால் டார்ச் அடித்து அந்தக் கிண்ணத்தைத் தேடுங்கள்.

பின்பக்கம் வால் ஆட்டுகிறதா

நேர்சாலையில் போகும்போது லாரி கடந்தால் பின்பக்கம் ஒரு கணம் தாமதித்து ஒதுங்குவது, வளைவில் திருப்பியபின் பின்பக்கம் தனியாக இன்னொருமுறை திரும்புவது போலத் தோன்றுவது: டார்ஷன் பீமின் முன்புஷ், அல்லது இன்னோவா போல காயில் ஸ்பிரிங் உள்ள பின்சக்கர இழுவை வண்டிகளில் ஆக்சிலுக்கும் பாடிக்கும் குறுக்கே ஓடும் லேட்டரல் ராடின் புஷ். வண்டி சக்கரத்தில் நிற்கும்போதே அடியில் லிவரைக் கொடுத்து பீமை முன்னும் பின்னும் நெம்புங்கள். ரப்பர் அமுங்கித் திரும்ப வேண்டும். ரப்பர் உள்குழாயிலிருந்து பிரிந்திருந்தால் நெம்பும்போது பிறை போல ஒரு கறுப்பு இடைவெளி திறந்து மூடும். மேலோட்டமான வெடிப்பு மட்டும் என்றால் அவசரமில்லை.

பெரிய பள்ளத்திலோ நடைபாதைக் கல்லிலோ பின்சக்கரம் மோதியபின் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் நான்கு சக்கர அலைன்மென்ட் அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். முன்பக்கம் மட்டும் பார்த்து அனுப்பும் கடைகள் அதிகம். பின் டோ அளவு, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம், எல்லையைத் தாண்டியிருந்தால், அல்லது முன்பக்கம் சரிசெய்தபிறகும் நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாகவே நின்றால், பீமோ சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சிலோ வளைந்திருக்கிறது. பெரும்பாலான டார்ஷன் பீம் வண்டிகளில் அதைத் திருகி சரிசெய்ய வழியே கிடையாது. சூடுபடுத்தி நிமிர்த்தித் தருகிறேன் என்பவரிடம் விடாதீர்கள். சூட்டில் எஃகின் பதம் போய்விடும், அந்தச் சட்டம் முறுக்கிக்கொள்வதற்கென்றே செய்யப்பட்டது.

பட்டை வண்டிகள்

இங்கே பார்க்க வேண்டியது நிறைய, அதே சமயம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மெயின் பட்டையில் கண் ஓட்டையை ஒட்டி வெடிப்பு, பட்டையின் ஒரு முனையைத் தொங்கவிடும் ஷாக்கிளின் புஷ்ஷில் ஆட்டம், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் அறுந்திருப்பது, கடைசியாக, பட்டைக் கட்டை ஆக்சிலோடு பிணைக்கும் யு போல்ட். கடைசியாகச் சொன்னதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

பட்டைக் கட்டின் நடுவே ஒரு சென்டர் போல்ட் உண்டு. அதன் தலை ஆக்சில் மேடையில் உள்ள குழிக்குள் உட்கார்ந்து ஆக்சில் நிற்கும் இடத்தைக் குறிக்கும். இடம் காட்டத்தான் அந்த போல்ட், இழுவையைத் தாங்குவதற்கு இல்லை. தாங்குவது யு போல்ட்டின் இறுக்கம், அதாவது பட்டைக்கும் மேடைக்கும் இடையிலான உராய்வு. யு போல்ட் தளர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு பிரேக்கும் ஒவ்வொரு கிளட்ச் விடுதலும் அந்தச் சின்ன போல்ட்டை வெட்டும். ஒருநாள் அது அறுந்து ஆக்சில் ஒரு பக்கம் பின்னுக்கு நகரும், வண்டி நண்டு போலக் கோணலாக நடக்கும். அறுவதற்கு முன்னால் அடையாளம் காட்டும்: பட்டைக்கும் மேடைக்கும் நடுவே செந்தூள் கசிந்திருக்கும். குங்குமம் சிந்தியது போல மெல்லிய சிவப்புத் தூள், எண்ணெயில்லாமல், உலர்ந்து. எஃகு எஃகோடு நுணுக்கமாக உரசினால் மட்டும் வருவது அது. பார்த்தால் அன்றே கழற்றி, புது சென்டர் போல்ட்டும் புது யு போல்ட்டும் போட வேண்டும். பழைய யு போல்ட் ஒருமுறை நீண்டுவிட்டது, மறுபடி இறுக்கம் நிற்காது. போட்டு 500 கி.மீ. ஓடியதும் லோடோடு நிறுத்தி, இறுக்க அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இன்னொருமுறை இறுக்க வேண்டும்.

ஆக்சில் நகர்ந்துவிட்டதா என்று பார்க்க அலைன்மென்ட் எந்திரம்கூட வேண்டாம். முன்சக்கரத்தை நேராக வைத்து, முன் ஹப் நடுவிலிருந்தும் பின் ஹப் நடுவிலிருந்தும் தூக்குநூல் விட்டு தரையில் சாக்பீஸால் குறியிட்டு, இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தேடுங்கள். (தொழிற்சாலையிலேயே இடமும் வலமும் வேறு நீளத்தில் வந்த கார்களும் உண்டு, பழைய ரெனோ 4 அப்படி. நம் தெருவில் அதைப் பார்க்கப் போவதில்லை.)

லோடுக்காக எக்ஸ்ட்ரா பட்டை செருகுபவர்கள் ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள். பின்பக்கம் உயர்ந்தால் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும். பட்டை போட்ட மறுவாரத்திலிருந்து தரையில் 'ர்ர்ர்' தொடங்கினால் கிராஸ் மாற்றிப் பயனில்லை, கோணத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஷாஃப்ட்டும் டிஃபரன்ஷியலும்

முன்சக்கரங்களுக்குக் கட்டை, பின்பக்கம் ஸ்டாண்டில், வண்டி கியரில். ஷாஃப்ட்டைக் கையால் முன்னும் பின்னும் முறுக்குங்கள். கண் யுஜே கிராஸின் மேல். இரண்டு பக்கக் கவைகளும் ஒன்றாகத் திரும்பினால் கிராஸ் நல்லது. ஒன்று திரும்பி மற்றது தாமதித்தால் போயிற்று. கிராஸ் கப்பைச் சுற்றிலும் அதே செந்தூள் தெரிந்தால் உள்ளே ஊசி பேரிங்கில் கிரீஸ் இல்லை. மெதுவாகப் போகும்போது 'கீச் கீச்' என்று சக்கரத்தைவிட வேகமான தாளத்தில் கேட்பதும் அதுவே. சிக்னலில் வண்டி முழுக்க நின்ற கணத்தில் மட்டும் 'டக்' என்றால் ஷாஃப்ட்டின் நீளம் கூடிக் குறையும் ஸ்பிளைன் காய்ந்திருக்கிறது. கிரீஸ் நிப்பிள் இருந்தால் அடித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

கிராஸ் நல்லதாக இருந்து, ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் பிளேஞ்சில் மட்டும் ஆட்டம் இருந்தால், ஆட்டத்தின் திசையைக் கவனியுங்கள். சுற்றுவாக்கில் கொஞ்சம் ஆட்டம் இருந்தே ஆக வேண்டும், அது கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையிலான பேக்லாஷ். பற்களில் அளந்தால் பல வண்டிகளுக்கு 0.1 முதல் 0.2 மி.மீ. வரை. மேல்கீழாக ஆடினால் மட்டும் பினியன் பேரிங் போய்விட்டது அல்லது நட் தளர்ந்துவிட்டது, அதற்கு அனுமதி பூஜ்யம்.

இழுவையில் மட்டும் அழுகை: கிரவுன் பல்லின் இழுவைப் பக்கம். விட்டபோது மட்டும்: மறுபக்கம், அல்லது பினியன் இறுக்கம் தளர்ந்தது. இரண்டிலும் ஒரே மாதிரி உறுமல் என்றால் பேரிங். நேர்சாலையில் அமைதியாக இருந்து, யூ டர்ன் எடுக்கும்போது மட்டும் 'கட கட' என்றால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னக் கியர்களான ஸ்பைடர் கியர்.

ஹவுசிங்கைத் திறப்பதற்கு முன் ஆயிலைப் பாருங்கள். முதலில் மேல் பிளக்கைக் கழற்றுங்கள், அது கழன்ற பிறகே கீழ் பிளக். மேலே திறக்க முடியாமல் கீழே வடித்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். சமதளத்தில் ஆயில் மேல் ஓட்டையின் கீழ்விளிம்பைத் தொட வேண்டும். காந்தப் பிளக்கில் சாம்பல் நிறப் பசை சாதாரணம். சிமிக்கி போல மின்னும் துகளோ விரலுக்குத் தட்டுப்படும் துண்டோ இருந்தால் திறந்துதான் ஆக வேண்டும். ஆயில் பால்காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, வெள்ளத்தில் ஓடிய வண்டிகளில் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். இந்த வகை கிரவுன் பினியனுக்கு ஜிஎல்-5 தர ஆயில்தான், 80டபிள்யூ-90 போல எந்தத் தடிமன் என்பதை மேனுவல் சொல்லும்.

புது அழுகை ஒன்று பினியன் ஆயில் சீல் மாற்றிய பிறகு தொடங்கியிருந்தால் பழைய ஆயில் மீது பழி போட வேண்டாம். பல வண்டிகளில் பினியனின் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே கிரஷ் ஸ்லீவ் என்ற மெல்லிய குழல் உண்டு. இறுக்கும்போது அமுங்கி பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிப்பது அதுதான். சீல் மாற்றிவிட்டு நட்டை ஏர் கன்னால் முடுக்கினால் ஸ்லீவ் கூடுதலாக நசுங்கி, பேரிங் சுட்டு எரியும். கழற்றும் முன் நட்டிலும் ஷாஃப்ட்டிலும் குத்துப்புள்ளி வைத்து, வெளியே தெரியும் மரைகளை எண்ணிக்கொள்வதுதான் முறை.

சக்கரத்துக்குள் ஆயில்

பின் டிரம்மின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை போன்ற கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில், ஆக்சில் சீல் போயிருக்கிறது. நாற்றமில்லாமல் நீர்த்து இருந்தால் பிரேக் ஆயில், வீல் சிலிண்டர். சீலை மாற்றுவதற்கு முன் ஹவுசிங்கின் மேலே இருக்கும் பிரீதரைத் தேடுங்கள். சுண்டுவிரல் பருமனில் ஒரு மூடி, மண் அப்பிக் கிடக்கும். அது அடைத்தால் சூட்டில் விரியும் காற்று போக வழியின்றி ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். பிரீதரைச் சுத்தம் செய்யாமல் போட்ட சீல் மறுபடி கசியும். ஆயில் குடித்த பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது வேண்டாம், சூடானதும் உள்ளிருந்து மறுபடி ஊறும். இரண்டு பக்கமும் புது ஷூ.

மாட்டும்போது கெடுப்பது

பேரிங்கை அழுத்தும்போது ஹப்புக்குள் போகிறதென்றால் வெளிவளையத்திலும், ஷாஃப்ட்டில் ஏறுகிறதென்றால் உள்வளையத்திலும் மட்டும் விசை படவேண்டும். குண்டுகள் வழியாக அழுத்தினால் தடத்தில் குழி விழுந்து புது பேரிங் முதல் நாளே முனகும். ஏபிஎஸ் வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கும், பார்க்க சாதாரண சீல் போலத்தான். ஒரு ஊக்கை ஒட்டிப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரியும், அது சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். ஹப் நட் எப்போதும் புதிது.

பீம் புஷ்ஷில் ரப்பர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, சில இடம் வெற்றாக விடப்பட்டிருக்கும். பழையது எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்தில் புதிது ஏற வேண்டும், ஆகவே அகற்றும் முன் குறியிடுங்கள். புது ஷாக் அப்சார்பரை நிமிர்த்தி வைத்து நாலைந்து முறை முழுக்க இழுத்து அமுக்கியபின் மாட்டுங்கள், படுக்க வைத்திருந்ததில் உள்ளே சேர்ந்த காற்று விலகும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ரப்பர் புஷ் வழியாகப் போகும் எந்த போல்ட்டையும் சக்கரம் தொங்கும்போது இறுதியாக இறுக்காதீர்கள். கையால் ஓட்டி நிறுத்தி, வண்டியை இறக்கி, எடை முழுக்க சக்கரத்தில் வந்தபிறகு டார்க் ரெஞ்ச் போடுங்கள். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே கவ்விக்கொள்ளும். வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் முறுக்கிய நிலையிலேயே கிடந்து சீக்கிரமே கிழியும், பழைய 'டொக்' திரும்பி வரும்.